கல்லாகிப் போன ரொட்டியும் கிணற்றடிச் சிப்பியும்

குராசான் நாட்டில் ஜாஜர்ம் என்று ஓர் ஊர். அதன் அருகிலிருந்த மலையில் எறிந்து கிடந்த ஒரு ரொட்டியை இப்னு சீனா கண்டெடுத்தார். அது வெந்த ரொட்டி, நடுவில் மெலிந்திருந்தது, யாரோ கடித்த அடையாளமும் தெரிந்தது. ஒரு பக்கத்தில் அடுப்பின் கோடுகள் பதிந்திருந்தன. ரொட்டியின் நிறம்கூட மாறவில்லை. ஆனால் கையில் எடுத்தால் கல். அதைச் சில காலம் தம்மோடு கொண்டு திரிந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் குறிப்பு 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலில் உள்ளது. ஷிஃபா என்ற சொல்லுக்கு நோய் நீக்கம் என்று பொருள் இருப்பதால் பலரும் அதை மருத்துவ நூல் என்று எண்ணிவிடுகிறார்கள். அவருடைய மருத்துவ நூல் 'அல் கானூன்'. ஷிஃபாவோ தர்க்கம், இயற்கை, கணிதம், இறையியல் ஆகிய நான்கையும் அடக்கிய தத்துவக் களஞ்சியம். அதன் இயற்கைப் பிரிவில், கனிமங்களையும் வானிலை நிகழ்வுகளையும் பேசும் பகுதியில், கல் எவ்வாறு உண்டாகிறது, மலை எவ்வாறு எழுகிறது என்று ஆராயும் இடத்தில்தான் இந்த ரொட்டி வருகிறது.

இப்னு சீனாவைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. இன்றைய விஞ்ஞானம் கண்டதையெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் கண்டுவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வோம். புதைபடிவங்களைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று கைப்பேசியில் செய்திகள் சுற்றிவருகின்றன. அது சரியன்று. மலைமேல் கடற்சிப்பிகள் கிடப்பதைக் கண்டு, அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்க வேண்டும் என்று கிரேக்க ஞானி செனோபனீஸ் அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே கருதியிருந்தார். இப்னு சீனாவின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் ஒரு பழைய கேள்வியை அதன் போக்கில் பின்தொடர வேண்டும். கையில் கிடைத்த ஒரு கல், உயிர் விட்டுச்சென்ற எச்சமா, அல்லது உயிரின் உருவத்தைத் தற்செயலாகப் பெற்றுவிட்ட வெறும் கனிமப் படிவா? இதை எப்படி அறிவது?

நம் மொழியிலேயே இந்தக் குழப்பத்துக்கு இடமிருக்கிறது. உயிரின் எச்சத்தைப் புதைபடிவம் என்கிறோம். உயிரின் தொடர்பில்லாததைக் கனிமப் படிவு என்கிறோம். இரண்டும் படிதல் என்ற ஒரே வினையிலிருந்து பிறந்த சொற்கள். ஐரோப்பியரின் நிலையும் இதுவே. மண்ணிலிருந்து தோண்டி எடுத்த எதையும் 'பாசில்' என்றே லத்தீனில் சொல்லிவந்தார்கள். 1546இல் அக்ரிகோலா தம் நூலுக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது அதில் உப்பும் உலோகமும் மாணிக்கமும் சிப்பிக் கல்லும் ஒன்றாகவே இடம்பெற்றன. இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்த பிறகுதான் சொல்லும் பிரிந்தது.

இனி ஷைகுர் ரயீஸின் விளக்கத்துக்கு வருவோம். கல் இரண்டு வழிகளில் உண்டாகிறது என்கிறார் அவர். ஒன்று, களிமண் உலர்ந்து இறுகிக் கல்லாவது. மற்றொன்று, சொட்டும் நீரும் ஓடும் நீரும் உறைந்து கல்லாவது. முதல் வழிக்கு அவர் காட்டும் சான்று தம் கண்ணால் கண்டது. சிறுவயதில் ஜைஹூன் நதிக் கரையில், மக்கள் தலை தேய்த்துக் குளிக்கப் பயன்படுத்தும் களிமண் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். பின்னர் அதே களிமண் மென்கல்லாக மாறியிருப்பதைக் கண்டார். இடையில் கழிந்தவை ஏறத்தாழ 23 ஆண்டுகள். ஆண்டுக் கணக்கோடு ஒரு கல்லின் பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும் என்று தோன்றுவதே அக்காலத்தில் அரிதான குணம். இரண்டாம் வழிக்கான சான்று சுண்ணாம்புக் குகைகளில் தொங்கும் கல்விழுதுகளைப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

இந்த அடித்தளத்தின்மேல்தான் அவர் உயிர்கள் கல்லாவதைப் பற்றிப் பேசுகிறார். பேசும் முறையைக் கவனிக்க வேண்டும். விலங்குகளும் செடிகளும் கல்லாவதாகச் சொல்லப்படும் செய்தி உண்மையானால், அதற்குக் காரணம் இன்னது என்று தொடங்குகிறார். சில கற்பாங்கான இடங்களில் தோன்றும், அல்லது நில அதிர்வின்போது பூமியிலிருந்து வெளிப்படும் கல்லாக்கும் ஆற்றல் ஒன்று தன்னைத் தொட்டவற்றைக் கல்லாக்கிவிடுகிறது என்பது அவர் தரும் காரணம். அந்த 'உண்மையானால்' என்ற சொல்லை நம் மேடைகளில் மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுகிறார்கள். செய்தி வேறு, செய்தி மெய்யென்றால் அதற்கான காரணம் வேறு என்று பிரித்துவைத்த நேர்மை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மலைகளைப் பற்றிப் பேசும்போது அவருக்கு இந்த ஐயம் இல்லை. கற்களை உடைத்தால் பலவற்றுள் சிப்பி முதலான நீர்வாழ் உயிர்களின் பாகங்கள் தென்படுகின்றன. ஆகவே இன்று மனிதர் வாழும் நிலம் முன்பு கடலுக்கடியில் இருந்த சேறு. அது நெடுங்காலத்தில் இறுகிக் கல்லாயிற்று என்று தெளிவாகச் சொல்கிறார்.

அப்படியானால் ரொட்டி? அது உண்மையில் ரொட்டியாக இருந்திருக்க வழியில்லை என்றே நாம் கருதுகிறோம். ஓர் உடல் கல்லாக வேண்டுமானால், அது அழுகித் தீர்வதற்கு முன் அதன் நுண்துளைகளுக்குள் கனிமம் கரைந்த நீர் புகுந்து படிய வேண்டும். எலும்பும் ஓடும் மரமும் இதற்குத் தாக்குப்பிடிக்கும். வெந்த மாவு திறந்த மலைச்சரிவில் ஒரு மழைக்குத் தாங்காது. பறவைகளும் எறும்புகளும் அதுவரை விட்டுவைக்கப் போவதுமில்லை. சுண்ணாம்பு மிகுந்த ஊற்றுநீர் பொருள்கள்மேல் கல்லோடு கட்டுவது உண்டுதான். இங்கிலாந்தின் நேர்ஸ்பரோ என்ற ஊரில் அத்தகைய ஊற்று ஒன்றில் பொம்மைகளையும் தொப்பிகளையும் தொங்கவிட்டு, சில மாதங்களில் அவை கல்லாவதை வேடிக்கை காட்டுகிறார்கள். ஆனால் அது வெளிப்பூச்சு. உள்ளே பொருள் அப்படியே இருக்கும், அல்லது மக்கிப் பொந்தாகும். மறுபுறம், மண்ணடுக்குகளுக்குள் கனிமம் ஒரு புள்ளியைச் சுற்றித் திரண்டு வட்டத் தட்டாகவும் உருண்டையாகவும் உருவாவது உலகெங்கும் சாதாரணம். அப்படி ஒரு தட்டு, ஓரம் உடைந்து, மண்ணடுக்கின் வரிகள் ஒரு பக்கம் பதிந்து கிடந்தால், ரொட்டி சுடும் நாட்டவர் கண்ணுக்கு அது ரொட்டியாகவே படும். இட்லி அவிக்கும் நாட்டவருக்கு இட்லியாகத் தெரிந்திருக்கும்.

கல்லாவதன் காரணத்தை இவ்வளவு அருமையாகச் சிந்தித்தவரையும் ஓர் உருவ ஒற்றுமை இழுத்துச் சென்றது. இதைச் சொல்வதால் அவர் மதிப்பு குறைவதில்லை. அவர் தம் சான்றை மறைக்காமல் நிறம், கோடு, கடித்த தடம், கிடைத்த ஊர் என்று அத்தனையும் எழுதிவைத்ததனால்தான் இன்று நாம் அதை மறுக்கவே முடிகிறது.

அதே காலத்தில் அல் பிரூனி வேறொரு பாதையில் சென்றார். 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். இளமையில் இப்னு சீனாவோடு கடிதங்கள் வாயிலாகக் கடுமையாக வாதிட்டவர். 1025இல் அவர் முடித்த 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூல் ஊர்களின் அமைவிடத்தைக் கணிப்பது பற்றியது. கஸ்னா நகரிலிருந்து கிப்லா எந்தத் திசையில் உள்ளது என்பதைச் சரியாகக் கண்டறிவது அதன் நோக்கங்களில் ஒன்று. தொழுகையின் திசையைத் தேடிய நூலில் சிப்பிகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஊர்களின் இடத்தைச் சொல்லப் புகுந்தவருக்கு, நிலமும் கடலும் இடம் மாறிக்கொள்கின்றனவே என்ற எண்ணம் எழுந்தது. அங்கிருந்து அரேபியப் பாலைக்குச் செல்கிறார்.

அந்தப் பாலை ஒரு காலத்தில் கடலாக இருந்து பின் தூர்ந்தது என்கிறார். ஆதாரம் கிணறு. கிணறோ குளமோ தோண்டும்போது மண், மணல், கூழாங்கல் என்று அடுக்கடுக்காக வெளிப்படுகின்றன. யாரும் வேண்டுமென்று புதைத்ததாகச் சொல்ல முடியாத பானையோடுகளும் கண்ணாடியும் எலும்புகளும் கிடைக்கின்றன. மேலே வரும் கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகளும் சோழிகளும், 'மீன் காது' என்று மக்கள் அழைத்தவையும் இருக்கின்றன. அவற்றுள் சில கெடாமல் இருக்கின்றன. சில மக்கி அழிந்து, அவற்றின் உருவத்தில் ஒரு பொந்து மட்டும் எஞ்சியிருக்கிறது.

அந்தக் கடைசி வாக்கியத்தில் சற்று நிற்க வேண்டும். உடல் போய்விட்டது, அச்சு மட்டும் நிற்கிறது என்று உணர்வதற்கு, உருவத்தைப் பார்த்து வியக்கும் கண் போதாது. முதலில் சிப்பி இருந்தது, பிறகு சேறு அதைச் சூழ்ந்து இறுகியது, அதன் பின் சிப்பி கரைந்தது என்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் அறிவு வேண்டும். பார்வைக்கு வெறும் பொந்து. ஆயினும் ஜாஜர்ம் ரொட்டியைவிட ஆயிரம் மடங்கு உறுதியான சான்று. சிந்து கங்கைச் சமவெளியைக் கண்டபோதும் அவர் இதே முறையில்தான் முடிவுக்கு வந்தார். மலையருகே பெரிய உருண்டைக் கற்கள், தொலைவு செல்லச் செல்லச் சிறியவை, கடலை நெருங்கினால் மணல் என்று இருப்பதைக் கொண்டு, இந்நிலம் முழுவதும் ஆறுகள் கொண்டுவந்து கடலைத் தூர்த்த வண்டல் என்றார்.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற இஸ்னாத் இல்லாமல் அறிஞர்கள் ஏற்பதில்லை. கல்லுக்கு அது கிடந்த அடுக்கே இஸ்னாத். அல் பிரூனியின் சிப்பிக்கு அது இருந்தது: எந்த நிலம், எவ்வளவு ஆழம், மேலே என்ன, கீழே என்ன, உடன் கிடந்தவை எவை. மலைமேல் தனியே எறிந்து கிடந்த ரொட்டிக்கு அது இல்லை. இன்றும் ஒரு தொல்லுயிரியலாளரிடம் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, இது என்ன என்பதாக இருக்காது. எங்கே எடுத்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.

இப்னு சீனாவின் அந்தப் பகுதி மேற்கே சென்ற கதையிலும் ஓர் இஸ்னாத் அறுந்தது. ஸ்பெயினில் பணியாற்றிய ஆல்ஃபிரட் என்ற ஆங்கிலேயர் 1200ஆம் ஆண்டை ஒட்டி அதை லத்தீனில் பெயர்த்து, அரிஸ்டாட்டிலின் வானிலை நூலின் இறுதியில் சேர்த்தார். படியெடுத்தவர்கள் வழியாக அது அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே நெடுங்காலம் பலராலும் படிக்கப்பட்டது. 1927இல் ஹோம்யார்ட், மாண்டவில் இருவரும் அரபு மூலத்தையும் லத்தீனையும் ஒப்பிட்டுப் பாரிஸில் வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் 'கல்லாக்கும் ஆற்றல்' என்ற கருத்தும் உருமாறியிருந்தது. இப்னு சீனா சொன்னது, ஏற்கெனவே இருந்த உடலைக் கல்லாக்கும் ஆற்றல். பிற்கால ஐரோப்பாவில் பலர் நம்பியதோ, உடல் எதுவும் இல்லாமலேயே பாறைக்குள் சிப்பியையும் மீனையும் வரைந்துவிடும் ஓர் உருவாக்கும் ஆற்றல். இயற்கை விளையாடுகிறது என்றும் அதைச் சொன்னார்கள். இப்படிச் சொல்லிவிட்டால் எந்தக் கல்லையும் ஆராய வேண்டிய அவசியம் இல்லை.

அதை உடைத்தவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கில் பிறந்த ஸ்டீனோ. 1666இல் இத்தாலியின் லிவோர்னோ கடலோரம் பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலை அவரிடம் அறுத்துப் பார்க்க அனுப்பப்பட்டது. அதன் பற்களைப் பார்த்தார். மால்டா தீவில் 'நாக்குக் கல்' என்று விற்கப்பட்டு, விஷத்தை முறிக்கும் தாயத்தாக மக்கள் கட்டிக்கொண்ட முக்கோணக் கற்களும் அதே அமைப்பில் இருந்தன. வடிவம் ஒத்திருக்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. ஒரு பொருள் பாறைக்குள்ளேயே வளர்ந்திருந்தால் சுற்றியுள்ள பாறையை நெருக்கிப் பிளந்திருக்க வேண்டும், அல்லது இடமின்றித் தானே கோணியிருக்க வேண்டும். நம் ஊர்ச் சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றின் வேரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நாக்குக் கற்களோ கோணாமல் ஒரே அளவாக இருந்தன, சுற்றிலும் பிளவில்லை. ஆகவே சேறு மென்மையாக இருந்தபோதே பல் கெட்டியாக இருந்தது. 1669இல் அவர் இதை விதியாகவே எழுதினார்: ஒன்றையொன்று தொடும் இரண்டு திடப்பொருள்களில், எது தன் உருவத்தை மற்றதன்மேல் பதித்திருக்கிறதோ அதுவே முதலில் திடமானது. அல் பிரூனியின் பொந்து சொன்ன செய்தியும் இதுதான்.

லண்டனில் ராபர்ட் ஹூக் இன்னொரு கதவைத் திறந்தார். 1665இல் வெளியான தம் நுண்ணோக்கி நூலில், கல்லான மரத்தின் துண்டையும் சாதாரண மரத்தையும் ஒப்பிட்டு, இரண்டிலும் ஒரே விதமான நுண்துளைகள் இருப்பதைக் காட்டினார். வெளி உருவத்தைக் காற்றும் நீரும் போலியாகச் செதுக்கிவிடலாம்; உள்ளே ஆயிரக்கணக்கான நுண்ணறைகளை மரத்துக்குரிய ஒழுங்கில் அடுக்கிவைக்க அவற்றால் ஆகாது.

இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்தபோது பழைய கதைகள் பலவற்றுக்கு விடை கிடைத்தது. கீஸாவின் பிரமிடுகள் அருகே பருப்பைப் போன்ற சிறு கற்கள் குவிந்து கிடப்பதையும், அவை பிரமிடு கட்டிய தொழிலாளர்கள் தின்று மீந்த உணவு கல்லானவை என்று மக்கள் சொல்வதையும் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இப்னு சீனாவின் ரொட்டிக்கு அண்ணன் முறை வேண்டும் இந்தப் பருப்பு! ஆனால் முடிவு வேறு. அந்தப் பருப்பில் ஒன்றைக் குறுக்கே உடைத்து உருப்பெருக்கியில் பார்த்தால், சுருள் சுருளாக நூற்றுக்கணக்கான சிற்றறைகள் தெரியும். அவை நம்முலைட் என்னும் ஒற்றைச் செல் கடலுயிரிகளின் கூடுகள். 4 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பிரமிடின் சுண்ணாம்புக் கல்லே பெருமளவு அவற்றால் ஆனது. ஆகக் கல் உயிரின் எச்சம்தான். மக்கள் நினைத்த உயிர்தான் அன்று. 1726இல் ஷோய்க்ஸர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், நூஹ் நபி காலத்து வெள்ளத்தில் மாண்ட மனிதனின் எலும்புக்கூடு என்று ஒரு கல்லை அறிவித்ததும் இவ்வகையே. 1811இல் குவியே அந்தக் கல்லைப் பக்குவமாகச் செதுக்கி, மறைந்திருந்த முன்னங்கால்களை வெளிப்படுத்தினார். அது ஒரு பெரிய சாலமாண்டர், நீர்நில வாழ் விலங்கு.

அதே 1726இல்தான் வேறொரு நூலும் வந்தது. அதைப் பற்றி நம் இணையச் சகோதரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பெரிங்கர் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். அவருக்காக மலையில் தோண்டிய இளைஞர்கள் அதிசயக் கற்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பல்லி, தவளை, வலையோடு சிலந்தி, சூரியன், வால்நட்சத்திரம் என்று எல்லாம் புடைப்பாக இருந்தன. பின்னர் லத்தீன், அரபு, ஹீப்ரு எழுத்துகளில் இறைவனின் திருப்பெயர் பொறித்த கற்களும் கிடைத்தன. பெரிங்கர் மெய்சிலிர்த்துப் போனார். கற்களில் கத்தி பட்டதுபோன்ற தடங்கள் இருப்பதை அவரே கண்டார். கண்டும், படைத்தவனின் உளி என்று விளக்கம் சொன்னார். படங்களோடு நூலை அச்சிட்டார். அவருடைய சக பேராசிரியர் ஒருவரும் நூலகர் ஒருவரும் அவர்மீது கொண்ட பகையால் செதுக்கிவைத்த கற்கள் அவை என்று விசாரணையில் வெளியாயிற்று. 'பொய்க் கற்கள்' என்ற பெயரில் அவற்றுள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

கல்லில், மேகத்தில், வெட்டிய கத்தரிக்காயில் அல்லாஹ்வின் பெயர் தெரிகிறது என்ற படங்கள் வரும்போதெல்லாம் பெரிங்கர் நம் நினைவுக்கு வருகிறார். பரப்புவோரில் பெரும்பாலோர் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆனால் பாறை வெடிப்பில் வெள்ளைக் குவார்ட்ஸ் ஓடியிருந்தால் அலிஃபும் லாமும் போன்ற கோடுகள் எளிதில் கிடைக்கும். அரபு எழுத்தின் வளைவு அத்தகையது. படைத்தவனின் வல்லமையை நம்ப ஒரு முஸ்லிமுக்கு அந்தக் கோடு தேவைப்படுவதில்லை. நாளை எவராவது அதைக் குவார்ட்ஸ் என்று நிறுவினால், கேலிக்கு ஆளாவது கல்லன்று. அதைச் சான்றாக நிறுத்தியவர்களின் சமூகம்.

நம் விரலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அகீக் மோதிரம் அணிவோர் சிலரிடம், கல்லுக்குள் சிறு மரமோ பாசியோ இருப்பதுபோன்ற வகையைப் பார்க்கலாம். உத்தரப்பிரதேசத்தின் பாந்தா நகரில், கேன் ஆற்றில் எடுக்கும் அந்தக் கல்லை ஷஜர் கல் என்கிறார்கள். ஷஜர் என்றால் அரபியில் மரம். யமனின் மோக்கா துறைமுகத்தின் பெயரால் ஐரோப்பியர் மோக்கா கல் என்றழைத்ததும் இவ்வகையே. பார்ப்பவர் எவரும் பழங்காலத்துச் செடி என்றே சொல்வர். ஆனால் அது மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் கூட்டுப்பொருள் கல்லின் நுண்வெடிப்புகளில் கிளைவிட்டுப் படர்ந்தது. உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். செடிக்கு நடுநரம்பு உண்டு, இலைக்கு விளிம்பு உண்டு, தண்டு நுனி நோக்கி ஒழுங்காக மெலியும். கனிமக் கிளைக்கு இவை இல்லை. வெடிப்பு போகும் வழியில் போகும், வெடிப்பு நின்ற இடத்தில் நிற்கும்.

இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்பதன்று. நம் மாநிலத்தின் நடுவிலேயே அடிக்கடி எழுகிறது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண்ணுக்குள்ளிருந்து பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டைகள் என்று ஒரே நாளில் செய்தி பரவியது, மக்கள் திரண்டார்கள். நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரியோடு தொடர்புடைய கடற்படிவுகள் என்று விளக்கினார்கள். கடலடிச் சேற்றில் புதைந்த ஓர் உயிரின் எச்சத்தைச் சுற்றிக் கனிமம் மேலும் மேலும் திரண்டு உருண்டையாவது உண்டு. வெளித்தோற்றம் கனிமத்தின் வேலை. கருவில் இருப்பது உயிரின் எச்சம். ஒரே கல்லில் இரண்டும் கூடி நிற்கும் இந்நிலையில், எச்சமா படிவா என்ற நம் கேள்விக்கு இரண்டும்தான் என்று விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

முட்டையானால் எப்படியிருக்கும்? உடைந்த ஓரத்தில் மெல்லிய ஓடு ஒன்று உள்ளிருப்பதிலிருந்து தனித்துத் தெரியும். உருப்பெருக்கியில் அந்த ஓட்டில் காற்றுத் துளைகள் தென்படும். திரண்ட உருண்டையில் தனி ஓடு இராது. பெரும்பாலும் வெங்காயம்போல் உள்வரை அடுக்குகள், அல்லது ஒரே சீரான கல். எலும்பை ஐயுற்றால் உடைந்த முகத்தில் கடற்பஞ்சு போன்ற கண்ணறைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். நாக்கில் வைத்தால் ஒட்டும் என்பது பழைய களப்பணியாளர்களின் உத்தி. உலர்ந்த களிமண்ணும் ஒட்டும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறதா என்ற சோதனை சுண்ணாம்பைக் காட்டும். சிப்பியும் சுண்ணாம்பு, வெறும் சுண்ணாம்புப் பாறையும் சுண்ணாம்பு. எடையும் இப்படித்தான். அல் பிரூனி நீரை இடம்பெயர்க்கும் கலத்தைக் கொண்டு கனிமங்களின் ஒப்படர்த்தியை அளந்து மாணிக்கத்தையும் கண்ணாடியையும் பிரித்தறிய வழிசெய்தார். ஆனால் அந்த அளவு கல் எதனால் ஆனது என்று சொல்லுமே தவிர, அது முன்பு உயிரோடு இருந்ததா என்று சொல்லாது.

சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைப் பார்த்தவர்களுக்கு இவையெல்லாம் ஒரே இடத்தில் தெரியும். 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை முதலில் பதிவுசெய்தார். 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். மரத்தின் பொருள் போய்க் கனிமம் அந்த இடத்தில் அமர்ந்துவிட்டது. ஆயினும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் அது மரம்தான். அரபு மூலத்தில் இப்னு சீனா ஐயத்தோடு எழுதிய வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான ஆம் இருக்க முடியாது.

இனி எவருக்கேனும் வயலிலோ கிணற்றடியிலோ இத்தகைய கல் தென்பட்டால், முதலில் அதை இருந்த இடத்திலேயே, அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுக்க வேண்டும். எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், உடன் என்ன கிடந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். கழுவவோ உடைக்கவோ முனையாமல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையையோ அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையையோ அணுகலாம். பிள்ளைகளோடு போய் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு அரியலூருக்கு அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மோனைட்டின் சுருளறைகளை அங்கே கண்ணுக்கெதிரே பார்க்கலாம்.